'க்கு' விழுந்த வாரம்

சாவுக் கணக்கைச் சரிபார்க்கிற வேலையில் கணக்குச் சரியாக வந்தாலும் சந்தோஷப்பட முடியாது. அச்சாபீஸில் பிழை திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

சென்னையில் கல்லூரிவரை படித்துவிட்டு, அண்ணனோடு சிங்கப்பூருக்கு வந்த எனக்குச் சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்னத் தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. இங்கிலீஷ் பத்திரிகையில் வரும் நோய், மரணக் கணக்கைத் தமிழாக்கிச் சரிபார்க்க வேண்டும். கவிதை எழுத நினைத்தவள், வயிற்றுக்கடுப்புக்கு எதுகை தேடாததுதான் குறை.

எல்லாம் காய்ச்சல்

சந்தேகம் வந்தால் சுகாதார ஆபீஸில் சாவுப் பதிவு எழுதும் குமாஸ்தாவான தமிழ்க் கிராணியிடம் போவேன். ஒரு வாரம் வரிக்கு வரி 'காய்ச்சல்' என்றே இருந்தது. "இத்தனை பேருக்குமா காய்ச்சல்?" என்று கல்லூரித் தோரணையில் கேட்டேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"வீட்டுக்காரங்க சொல்றதைத்தானே எழுதணும், அம்மா. மாட்டுவண்டி ஏறிச் செத்தவனுக்கும் முந்தின நாள் உடம்பு சுட்டுச்சாம்."

இரண்டு எழுத்து

வாந்திபேதி பரவிய மழைக்காலம். எங்கள் வட்டாரத்தில் ஆயிரத்துக்கு இத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக் கோக்கிற முத்தையா 'க்கு'வை விட்டுவிட்டார். பிழை திருத்தியவள் நான்தான். வாக்கியத்தின் ஓசை நன்றாயிருந்ததால் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. 'ஆயிரத்து இத்தனை பேர்' என்று பத்திரிகை வெளியாயிற்று. அவ்வளவு பேர் செத்திருந்தால் அதை வாங்கிப் படிக்க ஆள் ஏது? முத்தையா அலட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு எழுத்துதானேக்கா விழுந்துச்சு. ஆளு யாரும் கூடுதலா விழலையே."

திருத்தம்

ஆள் விழவில்லை, ஒரு கடை விழப் பார்த்தது. எங்களுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மரைக்காயர் பத்திரிகையோடு வந்தார். வழக்கமாகச் சாப்பிட வரும் துறைமுகத்து ஆட்கள் யாரும் அந்தப் பக்கமே வருவதில்லையாம். அடுத்த கப்பலில் ஊரிலிருந்து மனைவி மக்கள் வருகிறார்கள்; கடையை மூடினால் பிடோக் பக்கம் தென்னந்தோட்டத்தில் கூலி வேலைதான் என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த இதழில், 'ஆயிரத்துக்கு என்று வாசிக்கவும்' என எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் பார்த்துத் திருத்தம் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். 'மரைக்காயர் கடையில் எவருக்கும் நோய் இல்லை' என்றும் சேர்த்தேன். அவர் மறுபடியும் வந்தார்.

"பேரைச் சொல்லி நோய் இல்லைன்னு போட்டீங்களே, தாயே. வந்துக்கிட்டிருந்த நாலு பேரும் இப்ப வரலை."

இடியாப்பம்

இது எழுதி ஆகிற காரியமில்லை என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் காலை, தெரு நிறைந்த நேரத்தில், கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளை கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் மழையிலும் கூட்டம் கூடும். "சாவுக் கணக்குப் பார்க்கிற அம்மாவே சாப்பிடுறாங்க" என்று முத்தையா கூவினார். கூட்டம் கலையவில்லை, ஆனால் யாரும் உட்காரவும் இல்லை. என்ன ஆகிறேன் என்று பார்க்கக் காத்திருந்தார்கள். மறுநாளும் நான் வந்து சாப்பிட்டதைப் பார்த்த பிறகே ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மரைக்காயர் எனக்கு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றிக்கொண்டே குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் ஒரு வாரம் மட்டும் உசிரோட இருங்க, தாயே. போதும்."

இருந்தேன், அவர் மனைவி மக்கள் கப்பலிலிருந்து இறங்கி அந்தக் கடைக்குள் நுழைந்ததையும் பார்த்தேன். நான் சரிபார்த்துக் கொடுத்த கணக்குகளில் ஊர் நம்பியது, நான் இன்னும் சாகவில்லை என்ற அந்த ஒன்றைத்தான்.