எழுத்தில்லாத நெற்கடன்

வாப்பா மௌத்தாகி ஒரு வருடமாகிறது. அவருக்காக இறைவனிடம் கையேந்தும் சொந்தங்கள் எல்லோருக்கும் முதலில் என் ஸலாம். இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்ன காக்காமார், என் அண்ணன்கள் இருவரும், ஒரு நிபந்தனை வைத்தார்கள்: "வாப்பா ஒருத்தருக்கும் கடன் வைக்காமப் போன எண்டு எழுது." எழுதமாட்டேன். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். மற்றப் பக்கங்களில் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.

வாப்பா சாய்ந்தமருதில் பிறந்தார். சிறுவயதில் தகப்பனை இழந்து, அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கி, பிறகு மாவடிப்பள்ளியில் சொந்தமாக மூன்று ஏக்கர் வாங்கினார். ஆண் பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தார். இருவர் படித்தார்கள். மூன்றாவது ஆள்தான் இதை எழுதுகிறேன்.

சொறிக்கல்முனையில் கணவனை இழந்த ஓர் அக்காவின் வயலையும் வாப்பா குத்தகைக்குச் செய்தார். எழுத்தில்லை, வாய்ப்பேச்சுத்தான். நோயில் விழுந்த கடைசி இரண்டு போகத்து நெல்லும் மருந்துக்கே போனது, அக்காவுக்குரிய குத்தகை நெல் கொடுபடாமல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம், "மகன், அந்தப் புள்ளைட நெல்லக் குடுத்திரு" என்றார்.

"நீங்க எழும்பி வந்து குடுங்க வாப்பா, எனக்கு மூட்டை தூக்க ஏலா" என்றேன்.

சிரித்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த காக்கா எழுந்து, வாப்பாவின் கடனெல்லாம் எங்கள் பொறுப்பு என்று அறிவித்தார். நல்ல குரல், பலர் அழுதார்கள். அதே கிழமை அந்த அக்கா வந்தபோது, "எழுத்து இரிக்கா?" என்று கேட்டு கேற்றடியிலிருந்தே திருப்பி அனுப்பினார். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதே கேள்வி. நான் சாட்சி சொன்னேன்.

"உண்ட கதைய ஆரு நம்புற? வாப்பாட சந்தூக்கத் தோளில தூக்கக்குள்ளயும் பகிடி விட்டவன் நீ" என்றார் சின்னக் காக்கா.

விட்டேன்தான். வாழ்நாளெல்லாம் விளையாட்டாய்ச் சேர்த்த பகிடி, வாப்பாவுக்காக ஓர் உண்மை சொல்லவேண்டிய நாளில் என் வாயை அடைத்தது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே. மீதியைக் காக்காமார் பங்கிட்டுக்கொள்ளட்டும்.

காணி பிரிக்க நில அளவையாளர் வந்த காலையில் வரம்பில் போய் உட்கார்ந்தேன்.

"எழும்புடா, நாடா இழுக்கணும்."

"கடன் முதல், பங்கு பிறகு. மார்க்கம் அப்பிடித்தானே காக்கா?"

"விளையாடுறியா?"

"இண்டைக்கு இல்ல."

என்னைத் தூக்க நாலு பேர் வேண்டும்; அவர்கள் இருவர்தான். "மூணு பேரும் ஒப்பம் வைக்காம நான் அளக்கமாட்டன்" என்று அளவையாளர் நாடாவைச் சுருட்டினார். நான் வைக்கவில்லை. கடைசியில் காக்காமார் இணங்க, அடுத்த அறுவடையில் பங்குக்கு முன்பே அக்காவின் நெல் வண்டியில் ஏறியது. காக்காமார் வரவில்லை. நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்.

"வாப்பாவப் பொருந்திக்கொள்ளுங்க அக்கா" என்றேன்.

"உங்கட வாப்பாவ நான் எப்பவோ மன்னிச்சிட்டன் தம்பி. என்னைக் கள்ளி மாதிரிக் கேற்றடியில நிக்க வச்ச நீங்க மூண்டு பேருந்தான் இன்னும் மன்னிப்புக் கேக்கல்ல."

அங்கேயே கேட்டேன். "மத்த ரெண்டு பேரும் வரட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் முறைபோட்டு வாப்பாவைக் கவனித்தவர்களுக்கும், மழைக்குள் நின்று கப்று வெட்டியவர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்காமாரே, இந்த மலரில் ஒன்றை அந்த அக்காவுக்கும் கொடுக்கவேண்டும். நீங்களே கொண்டுபோங்கள்.