காற்றைக் கண்டுபிடித்த பழனியம்மாள் அக்கா

காலை ஐந்தரை மணிக்குக் கவிதா கூப்பிட்டாள். பழனியம்மாள் அக்காவின் மகள். "சார், அம்மா தூக்கத்துலயே போயிருச்சுங்க. சாமளாபுரம் வேனுக்கு இன்னைக்கு வேற ஆளப் போட்டுருங்க. பொண்ணுங்க ரோட்டுல நிப்பாங்க" என்றாள். அழுகைக்கு நடுவிலும் வேனைப் பற்றித்தான் பேசினாள். அக்கா பெற்ற பெண் வேறு எப்படிப் பேசுவாள்?

நம் பனியன் கம்பெனியில் அந்த வேனில் வந்துபோன எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். கணவர் இறந்த பிறகு முப்பத்தெட்டு வயதில் வண்டி ஓட்டப் பழகியவர். அதற்கு முன்பு விசைத்தறி ஓட்டினார். பதினாறு தறிகள் ஒன்றாக இரையும் கொட்டகையில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாராம். கூட வேலை செய்த பெண்கள் சொன்னபோது, பெருமைக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். கம்பெனி வண்டிகளுக்கு நான் பொறுப்பாளன். ஓட்டுநர்கள் சொல்வதைப் பாதிக்கு மேல் நம்பக் கூடாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே முடிவு செய்தவன்.

ஒரு சித்திரை மாதம் வேனின் வாட்டர் பம்ப் ஒழுகியது. ஒர்க்‌ஷாப்பில் புதிது மாற்றித் தந்தார்கள். மறுநாளிலிருந்து இன்ஜின் சூடேற ஆரம்பித்தது. நான்காம் நாள் மங்கலம் அருகே ஆவி கிளம்ப, அக்கா வண்டியை ஓரங்கட்டி, இருபத்திரண்டு பெண்களையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். வேனைக் கட்டி இழுத்துவந்து கம்பெனியில் நிறுத்தினோம். பம்ப் மாற்றிய மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், பத்து நாளாவது ஆகும் என்றார். ஓட்டுநர் வெப்பமானியைக் கவனிக்காமல் ஓட்டியதே காரணம், இனி வேறு ஆளைப் போடலாம் என்று நான் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"கேஸ்கெட் போகலீங்க சார். போயிருந்தா சைலன்சர்ல வெள்ளப் புகை வரும், ஆயில் பால் கலந்தாப்புல ஆயிரும். ரெண்டும் இல்லீங்க. உள்ளுக்குள்ள காத்து அடைச்சிருக்குதுங்க."

"காத்தா?"

"தண்ணி ஊத்தறப்ப அவசரமா ஊத்திட்டாங்க. காத்து வெளிய வர வழியில்லாம மேல தங்கிருச்சு. சூடு காட்டற முள்ளு ஏறுது, சட்டுனு எறங்குது, மறுக்கா ஏறுது. டேஷ்போர்டுக்குப் பின்னால தண்ணி சலசலன்னு ஓடற சத்தம் கேக்குதுங்க. ஒரு மத்தியானம் குடுங்க. பத்து நாள் வேன் இல்லீன்னா நாலு பொண்ணுங்களையாச்சும் ஊட்டுல நிறுத்திப்போடுவாங்க. அப்பறம் அதுக வேலைக்கே வராதுங்க."

அவர் தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே என்னால் மறுக்க முடியவில்லை.

சரக்கு ஏற்றும் சரிவில் வேனின் முன்பக்கம் மேலே இருக்கும்படி ஆட்களைத் தள்ளச் சொல்லி நிறுத்தினார். ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டுமாம். இன்ஜின் ஆறியிருக்கிறதா என்று பல இடங்களில் தொட்டுப் பார்த்த பிறகே மூடியைத் திறந்தார். "சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க" என்றார். கொளுத்தும் வெயிலில் ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிவைத்து, என்னை வேனுக்குள் உட்காரச் சொன்னார்.

"அந்த ஹீட்டர் ஓட்டைல கை வைங்க. காத்து போயி தண்ணி சுத்துனாத்தான் அதுல சூடு வருமுங்க. சூடு வந்தாச் சொல்லுங்க."

இன்ஜினின் மேலிருந்த சிறு திருகைத் தளர்த்திவிட்டு, ரேடியேட்டர் வாயில் கூலன்ட் தண்ணீரை நூல்போல ஊற்றினார். திருகின் வழியாகத் தண்ணீர் குமிழியில்லாமல் கசிந்ததும் அதை இறுக்கினார். வண்டியைக் கிளப்பி நிற்கவிட்டார். மேல் ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. மட்டம் இறங்கியது. ஊற்றினார். காத்திருந்தார்.

"சூடு வருதுங்களா?"

"இல்லீங்கக்கா. வெறும் காத்துதான் வருது."

இதையே எத்தனை முறை சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. விட்டுவிடலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "இப்ப வரும் பாருங்க" என்றார். குபுக்கென்று பெரிய சத்தம். மட்டம் ஒரு சாண் இறங்கியது. அடுத்த நொடி என் உள்ளங்கையில் சுடச்சுடக் காற்று அடித்தது.

"வருதுக்கா! சூடு வருது!" என்று சின்னப் பிள்ளையைப்போலக் கத்தினேன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்று இரும்புக்குள் எந்த இடத்தில் நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தறிக் கொட்டகைக் கதையை அந்த நிமிடம் நம்பினேன்.

அக்கா சிரிக்கக்கூட இல்லை. குமிழியே இல்லாமல் வெகுநேரம் ஓடவிட்டு, மூடியை இறுக்கி, என்னையும் ஏற்றிக்கொண்டு சாமளாபுரம்வரை போய் வந்தார். முள் பாதியிலேயே நின்றது. திரும்பும் வழியில் நானே சொன்னேன்: "அக்கா, உங்களைப் பத்தி முதலாளிக்கு ஒண்ணு எழுதிட்டேன்."

"தெரியுமுங்க. முள்ளப் பாக்காம ஓட்டுனேன்னு எழுதியிருக்கீங்க. முள்ளு ஏறுதுன்னு மூணு நாளும் டிரிப் சீட்டுல எழுதிக் குடுத்தேனுங்க. நீங்க படிக்கலீங்க."

குரலில் கோபமே இல்லை. சாலையைப் பார்த்தபடி சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், என் மேசை இழுப்பறையில் மூன்று சீட்டுகளும் இருந்தன. குண்டு குண்டான பென்சில் எழுத்து. அவற்றை எடுத்துப்போய் முதலாளி முன்னால் நானே வாசித்துக் காட்டி, என் கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். திங்கட்கிழமை மெக்கானிக் வந்து தலையைச் சொறிந்தபடி நின்றபோது, அக்கா, "வேலை நெருக்கடில யாருக்கும் ஆகறதுதானுங்க" என்று அவருக்கும் டீ சொன்னார். அதற்குப் பிறகும் ஏழு வருடம் அந்த வேனை ஓட்டினார். ஒரு பெண்ணும் வேலையை விட்டு நிற்கவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். ஓட்டுநர் யாராவது வந்து வண்டியில் ஏதோ சத்தம் என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்து கேள்வி கேட்பதில்லை. எழுந்து வண்டிவரை கூடவே நடக்கிறேன். நேற்றும் அவிநாசி வேனுக்காக அப்படி நடந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, இருவரும் பேசாமல் நின்று கேட்டோம்.