பல் வைத்தியர் கழுத்தைத் தொட்டுப் பார்த்த நாள்

கலஹாவுக்கு அருகே நாங்கள் இருந்த தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுடைய பல்லைச் சுற்றியுள்ள முரசு வீங்கி இரத்தம் கசியத் தொடங்கியது. நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் போனால் வாடை அடிக்கும். உப்புச் சுவை தெரியாமல் கறிக்கு மறுபடியும் உப்புப் போடுவாள். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு கோப்பை தண்ணீர் குடிப்பார்.

ஒருநாள் ஒரு குழந்தையின் தாய், "வாயச் சுத்தமா வச்சிக்கிட்டுப் புள்ளயத் தூக்கினா என்ன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதன்பின் அம்மா நாளுக்கு நான்கு தடவை பல் துலக்கினாள், கராம்பு மென்றாள், குழந்தைகளிடம் பேசும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் மட்டும் என்ன, பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வேன். மலையைப் பார்க்கிறேன் என்று சாக்கு.

ஆடிய பல் ஒன்றைப் பிடுங்கிய இடம் வாரக்கணக்கில் ஆறவில்லை. அப்பா எங்களைக் கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் அனுப்பினார். வயதான அந்தப் பெண்மணி நாக்கை நீட்டச் சொன்னார். அதன் ஓரமெல்லாம் பல் பதிந்த தடங்கள். பிறகு பல்லை விட்டுவிட்டு வேறு கேட்டார்.

"குளிர் ரொம்பத் தெரியுதா? அசதியா இருக்கா?"

"எங்க தோட்டத்துல யாருக்குங்க குளிரல? வேல செஞ்சா அசதிதான்."

வைத்தியர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். மறுவாரம் முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தைராய்ட் சுரப்பி மெதுவா வேல செய்யுது. அதால நாக்கு தடிக்கும், வாய் காயும், முரசு கெடும், புண் ஆறச் சுணங்கும். நீங்க சுத்தமாத்தான் வச்சிருக்கீங்கம்மா."

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

பெரிய வைத்தியர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரம் தேத்தண்ணி குடிக்காமல் இருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதுதான் பெரிய தண்டனை. சில மாதங்களில் நாக்கின் தடிப்பு வற்றியது, முரசு தேறியது, குழந்தைகளிடம் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதெல்லாம் பிறகு. அன்று திரும்பும் பஸ்ஸில், அம்மா செத்துப்போய்விடுவாள் என்ற பயத்தில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா அழுதீங்க?"

"ஒன்னுமில்ல. அந்த டொக்டர் நல்லாப் பேசினாங்க."

உடம்பில் வருத்தம் இருக்கிறது என்று சொன்னவரை நல்லாப் பேசினார் என்கிறாளே என்று பேராதனை தாண்டும்வரை யோசித்தேன். எனக்கு விளங்கவில்லை.