பித்தப்பை போனபின் சுக்கான் பிடித்த கதை

1. பாதி வழியில் பிடித்த வலி

எங்கள் தீவில் சாத்தம் கரைக்கும் பம்பூஃபிளாட் கரைக்கும் நடுவே கடலில் ஓடும் வண்டிப் படகில் நான் சராங். அதாவது சுக்கான் பிடிக்கிறவன். லாரி, ஜீப், ஸ்கூட்டர், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற படகு அது. கடக்கிற நேரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் சுக்கான் இருக்கிற வீல் ஹவுஸை விட்டு ஓர் அடி நகர முடியாது. சராங்குக்கு மாற்றாள் படகில் கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், எனக்கு வந்த தொல்லையெல்லாம் இதனால்தான் இத்தனை பெரிதாயிற்று.

அன்று காலை பம்பூஃபிளாட்டிலிருந்து கிளம்பியபோது படகில் நிற்க இடமில்லை. சிமெண்ட் லாரி ஒன்று, நாலைந்து ஜீப், ஆபீஸ் போகிற கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாதி வழியில் வலது விலாவுக்குக் கீழே ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி ஒரு வலி. முதுகுக்குப் போய்த் தோளில் ஏறியது. இதற்கு முன்பும் வந்திருக்கிறது. ராத்திரி புரோட்டாவும் மட்டனும் வெளுத்துக் கட்டினால் வரும். வாய்வு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். அன்று சுக்கானைப் பிடித்தபடி எங்கே போய் சோடா குடிப்பது?

என்ஜின் டிரைவர் ஹல்தார் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தான். வங்காளி, என்னோடு பல வருஷமாக ஓடுகிறவன். எங்களுக்குள் பேச்செல்லாம் இந்தியில்தான்.

“கியா ஹுவா, சராங் சாப்? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?”

“ஒண்ணுமில்ல. கீழ போய் என்ஜினைப் பாரு.”

பல்லைக் கடித்துக்கொண்டு படகைச் சாத்தம் படகுத்துறை ஜெட்டியில் கட்டினேன். வண்டிகள் இறங்குகிற ரேம்ப் பலகை இறங்கி, கடைசி ஸ்கூட்டர் வெளியே போகும்வரை நின்றேன். அப்புறம் வீல் ஹவுஸ் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஹல்தாரும் கயிறு பிடிக்கிற இரண்டு லஸ்கர்களும் என்னைத் தூக்கி ஒரு ஜீப்பில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை முழுக்கக் கல். வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுப் பையையே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் கஷ்டம்.

2. ஊரெல்லாம் டாக்டர்

மரைன் ஹில்லில் எங்கள் குவார்ட்டர்ஸ். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஊரெல்லாம் டாக்டர் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா பருப்பைத் தொடவே கூடாது என்றாள். மாடியில் இருந்தவர் முட்டை விஷம் என்றார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து பார்க்க வந்த என் மச்சான், இனி மீனை மறந்துவிடு என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வறுத்த மீனைத் தின்றுவிட்டுப் போனான். தீவில் பிறந்து வளர்ந்தவனிடம் மீனை மறக்கச் சொல்கிறான் பாருங்கள்!

என் மனைவி பாண்டியம்மா இவர்கள் எல்லாரும் சொன்னதைக் கூட்டி ஒரே சட்டமாகப் போட்டாள். மூன்று வேளையும் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பு.

“எத்தனை நாளைக்குடி இது?”

“பையே இல்ல உங்களுக்கு. எத்தனை நாளைக்குன்னா? ஆயுசுக்கும்தான்.”

டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணும்போது வேறு என்னவோ சொன்ன நினைவு. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. பாண்டியம்மாவுக்குப் பயம். என்னைச் சாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம், அதனால் அவளோடு சண்டை போடவும் மனம் வரவில்லை. கஞ்சியைக் குடித்தேன். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் கண்ணில் பூச்சி பறந்தது.

அந்தக் கோலத்தில்தான் டியூட்டிக்குப் போய் நின்றேன். எங்கள் ஆபீசர் சுந்தரம் சார், கறாரான மனிதர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னய்யா, ஆள் பாதியாயிட்ட? காத்தடிச்சா நீயே பறந்துருவ, படகை எங்க கொண்டுபோய்ச் சேர்ப்ப? கொஞ்ச நாள் ஜெட்டி கேட்ல நில்லு. வண்டியை வரிசையா உள்ள விடு.”

“சார், நான் சராங்.”

“இல்லேன்னு யாரு சொன்னா? விஸ்வகர்மா பூஜை முடிஞ்சதும் அடுத்த டியூட்டி லிஸ்ட் போடுறேன். அதுக்குள்ள தேறி வந்தா படகு உனக்கு. இல்லேன்னா வேற ஆளை பெர்மனெண்டா போட்டுருவேன். நீ ரிட்டயர் ஆகுறவரை கேட்தான். தப்பா எடுத்துக்காத, அது ஆளுங்க ஏறுற படகு.”

அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் அது அப்படி வலித்தது. இத்தனை வருஷம் வீல் ஹவுஸிலிருந்து கேட்டைப் பார்த்தவன், அன்று கேட்டில் விசிலோடு நின்று வேறு ஒருவன் என் படகை ஓட்டிப் போவதைப் பார்த்தேன். இந்தப் படகில் நான் திரும்ப ஏறாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

3. கோபத்தில் தின்ற பூரி

முடிவு நல்ல முடிவுதான். அதை நிறைவேற்றிய விதம்தான் முட்டாள்தனம். தெம்பு வேண்டும் என்றால் தின்ன வேண்டும், அவ்வளவுதானே? மறுநாள் காலை தூக்கில் கொண்டுபோன கஞ்சியை மூடியே வைத்துவிட்டு, ஜெட்டி ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். பூரி, சென்னா, அதற்கு மேல் இரண்டு சமோசா, பால் டீ. மூக்கு முட்டத் தின்றேன். பல நாள் பசி, என்ன ருசி தெரியுமா! நான் பழைய ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

அடுத்த படகு வந்து வண்டிகள் உள்ளே நகர ஆரம்பித்ததும் வயிறு கலக்கியது. சரி, இந்த வரிசை போகட்டும் என்று பார்த்தேன். வயிறு அந்த மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கழிப்பறை பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மீதியை நான் எழுதப் போவதில்லை. அன்று வீட்டுக்கு ஹல்தாரின் கைலியைக் கட்டிக்கொண்டு போனேன் என்பது போதும். மானம் கப்பலேறிவிட்டது. ஹல்தார்தான் கொண்டுவந்து விட்டான். வாசலில் என்னை இறக்கிவிட்டு, “சுக்கான்ல நிக்கும்போது இது வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?” என்று மட்டும் கேட்டான். நான் கைலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

4. டே டேங்க்

மறுநாள் பாண்டியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் போனேன். மெயின்லேண்டில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், சின்ன வயதுதான், ஆனால் திட்டுவதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

“கஞ்சிய மட்டும் குடிச்சா தெம்பு எங்கேர்ந்துங்க வரும்? அதுக்காக ஒரே மூச்சுல அவ்வளவு எண்ணெயையும் உள்ள தள்ளினா வயிறு என்ன பண்ணும்? நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா, கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சாப்பிடலாம்னு?”

“எல்லாமா? மீனுமா?” என்றாள் பாண்டியம்மா.

“மீனும்தாம்மா. வறுக்காம குழம்பா வைங்க. முட்டை, பருப்பு, வெந்த காய் எல்லாம் குடுங்க. ஒரேயடியா வேணாம்.”

பித்தநீரை ஈரல்தான் சுரக்கிறது, பித்தப்பை அதைச் சேர்த்து மட்டும்தான் வைத்திருந்தது என்று அவர் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு என் படகின் என்ஜின் ரூம் கண் முன்னால் வந்தது. பெரிய டேங்கிலிருந்து டீசலை எடுத்து என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டேங்கில் நிரப்பி வைப்போம். டே டேங்க் என்போம். என்ஜின் கேட்கிறபோதெல்லாம் அதிலிருந்து போகும். என் உடம்பில் அந்த டே டேங்க்கைத்தான் கழற்றிவிட்டார்கள். இனி பித்தநீர் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகும். சின்ன லோடு என்றால் அது போதும். நெய்யும் எண்ணெயுமாக ஒரே வேளையில் ஏற்றினால் சமாளிக்காது.

“ஓவர்ஹால் பண்ணின என்ஜினை ரன்னிங் இன் பண்ற மாதிரின்னு சொல்லுங்க,” என்றேன். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை, சிரித்தார். பிரித்து மாட்டி ஓவர்ஹால் முடிந்த என்ஜினை முதல் நாளே ஃபுல் ஸ்பீடில் ஓட்டமாட்டோம். பயந்துகொண்டு ஓட்டாமலும் வைக்கமாட்டோம். லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே சூடு பார்ப்போம், சத்தம் கேட்போம். இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், பழைய மாதிரி வலி, இதில் எது வந்தாலும் உடனே வர வேண்டும். வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும் வர வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது. சோடா குடித்துவிட்டுப் படுக்கிற வேலை இனி ஆகாது.

5. ரன்னிங் இன்

பாண்டியம்மாவும் நானும் இரண்டு சட்டம் போட்டுக்கொண்டோம். ஒன்று, மூன்று பெரிய வேளையை உடைத்துச் சின்னச் சின்ன வேளையாக்குவது. இரண்டு, புதிதாக எதைத் தின்று பார்ப்பதானாலும் லீவு நாளில், வீட்டில், ஒரு சமயத்துக்கு ஒன்றுதான்.

முதலில் சங்கரா மீன் குழம்பு, தாளிக்க மட்டும் எண்ணெய். பல நாள் கழித்து மீன் வாயில் பட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிறு ஏற்றுக்கொண்டது. முட்டையும் பாசிப்பருப்பும் ஒத்துக்கொண்டன. தேங்காய்ச் சட்னி முதல் தடவை ஓட வைத்தது. அதை ஒதுக்கிவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து ஒரு ஸ்பூன் தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெறும் வயிற்றில் பால் டீ ஆகாது, இரண்டு இட்லிக்குப் பிறகு என்றால் பரவாயில்லை. கப்பல் தாமதமாகி மெயின்லேண்ட் காய்கறி வராத நாட்களில் பக்கத்துச் சிப்பிகாட்டில் விளைகிற கீரையும் பூசணிக்காயும் பீர்க்கங்காயும் எங்களைக் காப்பாற்றின. இதெல்லாம் என் வயிற்றின் கணக்கு. உங்கள் வயிறு வேறு மாதிரி சொல்லலாம், அதை நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டுக்கு நாலு சின்ன டப்பா கொண்டுபோனேன். லஸ்கர் பையன்கள் விடுவார்களா?

“கியா சராங் சாப், சின்னப் புள்ளைக்கு ஊட்டுற டப்பாவா?”

“ஆமாடா, உனக்கும் ஊட்டட்டுமா? வாயைத் திற!”

காலையில் மரைன் ஹில் ஏற்றத்தை நடந்தே ஏறி இறங்கினேன். முதலில் பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கியவன், போகப் போக நிற்காமல் ஏறினேன். பேண்ட் மறுபடி இடுப்பில் நின்றது. படகுக் கயிற்றை ஒரே இழுப்பில் கட்டினேன். இனி சுந்தரம் சார் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

6. பூஜை நாள்

விஸ்வகர்மா பூஜை அன்று எங்கள் படகுக்குக் காலையில் ஓய்வு. என்ஜினுக்கு மாலை போட்டு, பூஜை முடித்து, ஆட்களின் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போவோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ரவுண்டில் சுக்கான் பிடிக்கப் போகிறவன்தான் பிரசாதத்தை முதலில் சாப்பிட வேண்டும். அவன் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

சுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டார். “இன்னிக்கு நீ ஓட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

எனக்குப் புரிந்தது. லிஸ்ட் போடுவதற்கு முன் இதுதான் பரீட்சை. சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஹல்தாரின் மனைவி தட்டோடு வந்து நின்றாள். அரிசியும் பருப்பும் போட்ட கிச்சடி முழுக்க நெய் மின்னுகிறது, பக்கத்தில் பூரி, இரண்டு லட்டு.

“லீஜியே பாய் சாப், பெஹலே ஆப்.” முதலில் நீங்கள்தான் அண்ணா என்கிறாள்.

படகே என்னைப் பார்த்தது. வேண்டாம் என்றால் சாமி பிரசாதத்தைத் தள்ளினான், இன்னும் உடம்பு தேறவில்லை என்பார்கள். ஒரு வாய் வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஆனால் நெய்யை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவே இல்லை. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. படகு நிறைய பெண்களும் குழந்தைகளும். ஹல்தார் அன்று வாசலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“பாபி, எனக்குப் பித்தப்பை இல்ல,” என்றேன். பாபி என்றால் அண்ணி. இந்தியில்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “இந்த நெய்யைத் தின்னுட்டு சுக்கான் பிடிச்சா பாதி வழியில கக்கூஸுக்கு ஓட வேண்டி வரும். படகைக் கட்டிட்டு வந்து சாப்பிடுறேன். ஒரு கரண்டி மட்டும்.”

ஒரு லஸ்கர் பக்கென்று சிரித்தான், படகு முழுக்கச் சிரிப்பு பரவியது. எனக்குக் காது மடலெல்லாம் சூடு. பாண்டியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடலைப் பார்த்தாள். ஹல்தாரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்து அதை மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

ஓட்டினேன். திரும்பி வரும்போது மழை இறங்கியது, ஜெட்டி பக்கம் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளியது. கொஞ்சம் முன்னாலேயே படகின் மூக்கைத் திருப்பிக்கொடுத்து, வேகம் குறையப் பின்னுக்கு இழுக்கிற ஆஸ்டர்ன் போட்டு, மெல்லக் கொண்டுபோய் வைத்தேன். கயிறு விழுந்தது, ரேம்ப் இறங்கியது.

சுந்தரம் சார் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தபடி சொன்னார்.

“உனக்கு ஓட்டத் தெரியும்னு எனக்குத் தெரியாதா? அதைப் பார்க்கவா வந்தேன்? அந்தத் தட்டை வாங்கிடுவியோன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால வெக்கப்பட்டுத் தின்னுட்டு சுக்கானுக்கு நீ வந்திருந்தா, அங்கேயே உன்னை இறக்கி விட்டிருப்பேன். திங்கக்கிழமை மொத டிரிப் உன்னுது.”

கீழே போய் மூடி வைத்த தட்டைத் திறந்தேன். ஆறிப்போன கிச்சடி, ஒரு கரண்டி. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அத்தனை பசியிலும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

படகிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பித்தப்பை போனால் சாப்பாடு போய்விடாது. சின்ன லோடாக ஏற்றுங்கள், வயிறு என்ன சொல்கிறது என்று கேளுங்கள், பயந்து பட்டினி கிடக்காதீர்கள். எது முடியவில்லையோ அதைக் கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை படகில் ஏறினேன். ரிட்டயர் ஆகும் நாள்வரை என்னை யாரும் இறக்கவில்லை.