கடலைக் கறுப்பாக்கினேன்

இன்று மத்தியானம் கிளிநொச்சியில் எங்கள் எடிட்டிங் அறைக்குத் திரேசாக்கா வந்திருந்தார். எங்கள் குறும்படத்தில் தாயாக நடித்தவர். முல்லைத்தீவுக் கரையில் வீடு. சுனாமியில் மகளைப் பறிகொடுத்தவர்.

அலை வருவதற்கு முந்திய காட்சியைப் போட்டுக் காட்டினேன். ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்து, ஒரு கிழமையாக நிறம் திருத்திய காட்சி அது. நீலத்தை உறிஞ்சி எடுத்து, வானத்தைச் சாம்பலாக்கி, கடலை மை மாதிரிக் கறுப்பாக்கியிருந்தேன். பார்த்த நண்பர்கள் எல்லோரும் பயந்தார்கள். எனக்குப் பெருமைதான்.

அக்கா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது எந்த நாள் தம்பி?"

"சுனாமி வந்த அண்டு காலமை அக்கா. அலை வர முந்தி."

"அண்டைக்குக் கடல் இப்பிடி இருக்கேல்லை. நல்ல வெயில். நீலமாய், வடிவாய்க் கிடந்தது."

"படத்துக்காகத்தான் அக்கா. ஏதோ நடக்கப்போகுது எண்டு பாக்கிற ஆக்களுக்கு விளங்கவேணும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்பிடிக் கறுத்துக் கிடந்திருந்தா, நான் பிள்ளையைக் கரையில விளையாட விட்டிருப்பனோ?"

ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் முழுக்க இருந்து நீலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். படத்தை இயக்கிய நண்பன் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னடாப்பா, ஒண்டும் நடக்கப்போற மாதிரியே தெரியேல்லையே?"

அக்காவுக்கும் அன்றைக்குத் தெரியவில்லைத்தான்.

இதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களில் யாராவது சொல்லுங்களேன்.