தேங்காயெண்ணெய் போட்ட சைக்கிள்

எனக்குக் கிடைத்தபோது அதைச் சைக்கிள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் நெல் மில்லுக்குப் பின்னால் உமிக் குவியலில் பாதி புதைந்து கிடந்தது. இரண்டு சக்கரமும் கோணியிருந்தன. சீட்டு இருந்த இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மில்காரருக்கு ஒரு மூட்டை பருத்திக்கொட்டை கொடுத்து அதை எடுத்துக்கொண்டேன். பருத்திக்கொட்டை என் அண்ணனுடையது. அவரிடம் கேட்கவில்லை.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அண்ணனுக்கு மளிகைக் கடை. அத்தா விட்டுப்போன கடை. பேருக்கு நானும் முதலாளி, வேலைக்கு மூட்டை இறக்குகிற ஆள். ஐம்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது. அண்ணன் வீட்டில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த அறையில் நாங்கள் மூவரும் படுத்தோம். குழந்தை பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் தும்மக் கற்றுக்கொண்டது.

நான் அந்த இரும்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்ததும் அண்ணன் சொன்னார்: "ஏன்டா, ஊட்டுல ஏற்கனவே மூணு உருப்படி சும்மா உக்காந்து திங்குது. நாலாவதா இதையும் கொண்டாந்துட்டயா?"

அவர் கெட்டவர் இல்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார். உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி மறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் சோற்றைக் குறைத்துக்கொண்டாள். நான் கேட்டதற்கு, "பசிக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள். எப்படியாவது தனி வீடு பார்த்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அப்போதுதான் பிடித்தது. ஆனால் வீடு தேடுவதற்குப் பதில் நான் சைக்கிளைப் பிரித்தேன். என் புத்தி அப்படி.

உமியில் கிடந்ததால் மேலே துரு ஏறியிருந்ததே தவிர உள்ளே அரிக்கவில்லை. சீமையில் செய்த உருக்குச் சட்டம். பேர் எழுதியிருந்த பெயிண்ட் உதிர்ந்து போயிருந்தது. குழாய்களைக் கல்லால் தட்டிப் பார்த்தேன். ஓட்டை விழுந்த இடம் எங்கும் இல்லை. மண்ணெண்ணெயில் செங்கல் பொடியைக் குழைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பதினைந்து நாள் தேய்த்தபிறகு இரும்பு கண்ணில் பட்டது. முன் ஃபோர்க் வளைந்திருந்தது. சூடு காட்டி நிமிர்த்தலாம் என்று பார்த்தால் கொல்லர் தடுத்துவிட்டார். இந்த இரும்பைச் சுட்டால் அதோடு செத்துவிடும் என்றார். புளியமரத்துக் கவட்டையில் மாட்டி, கயிறு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினேன். கறுப்பு எனாமல் அடித்தேன். மில் தூசி வந்து ஒட்டியது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் ஒட்டியது. மூன்றாம் தரம் மிளகாய் அறையில் கட்டித் தொங்கவிட்டு அடித்தேன். வாடை தாங்காமல் மனைவியும் குழந்தையும் அடுக்களைக்குப் போய்ப் படுத்தார்கள்.

ரிம் பொள்ளாச்சியில் கிடைத்தது. கம்பி கோத்து, கோட்டம் எடுக்கத்தான் திணறிப்போனேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபோர்க்கோடு ஒரு சுண்ணாம்புக் கட்டியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். ரிம்மில் எங்கே வெள்ளை படுகிறதோ அங்கே கோட்டம். அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முடுக்க வேண்டும். பொறுமை இருக்கிறவன் ஒரு மணி நேரத்தில் முடிப்பான். எனக்கு நான்கு நாள் ஆனது.

தோல் சீட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் தேங்காயெண்ணெய்தான். தலைக்கு, தாளிப்புக்கு, கதவுக் கீலுக்கு, தையல் மிஷினுக்கு. சக்கரத்துக்கும் செயினுக்கும் மட்டும் பொள்ளாச்சிக் கடைக்காரர் ஒரு சிறிய டப்பா மிஷின் ஆயில் கொடுத்தார். அந்த வேறுபாடு எதற்கென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையே இல்லாமல் பக்கத்துச் சித்தூருக்கும் கோவிந்தாபுரத்துக்கும் போய் வந்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் சூரியநெல்லியில் கடை வைத்திருந்த என் மச்சான், மனைவியின் அண்ணன், ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். அங்கே மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் தபால் பை கொண்டுபோகச் சைக்கிள் இருக்கிற ஆள் வேண்டுமாம். வேலை நிரந்தரமானால் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைனில் ஒரு வீடு தருவார்களாம். வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். மறுவாரம் உடுமலைப்பேட்டை வழியாக, பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டி, மலை ஏறினேன். போகும்போது அவள் ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"குளுருக்குத் தலை வறண்டுபோகுமுங்க. மறக்காம தேச்சுக்குங்க."

எஸ்டேட் ஹெட் கிளார்க் மலையாளி. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "மூணு மாசம் டிரையல். ஒரு திவசம் பை லேட்டானால், பின்னே பாய் வரவேண்டாம்" என்றார்.

தபாலை அங்கே தப்பால் என்பார்கள். காலை ஏழேகாலுக்கு ஆபீசில் தோல் பையை வாங்கிக்கொண்டு, நான்கு மைல் தள்ளி மெயின் ரோட்டு முக்கில் எட்டரைக்கு வரும் மூணாறு பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பஸ் இறக்கிக் கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். முதல் இரண்டு மைல் ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். பிறகு இரண்டு மைல் ஏற்றம்.

எனக்கு முன்னால் பதினொரு வருஷமாக ஒருவர் அந்தப் பையை நடந்தே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைக் காட்டுக்குள் நெட்டுக்குத்தாக இறங்கி ஏறும் குறுக்குப் பாதை அவருக்கு அத்துப்படி. சைக்கிள் வந்ததும் அவரைக் களை வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாள் பையை என்னிடம் கொடுத்தபோது, "வார் பிஞ்சிருக்கு, பாத்து மாட்டும்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. நானும் பேசவில்லை. பேசினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

இரண்டு மாதம் பை ஒரு நாளும் பிந்தவில்லை. இறக்கத்தில் விட்டேன் என்றால் கண்ணில் நீர் வழியும், காது மரத்துப்போகும், பின்சக்கரம் டிக் டிக்கென்று ஓயாமல் பேசிக்கொண்டே வரும். கொழுந்து பறிக்கிற பெண்கள், "பாயோட குதிர வருது, ஒதுங்குங்கடி" என்பார்கள். நான் கேட்காத மாதிரி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். வீட்டிலிருந்து வரும் கடிதமும் நான் சுமக்கிற பையில்தான் வரும். ஆனால் ஆபீசில் பூட்டைத் திறந்து பேர் கூப்பிடும்வரை எனக்கும் அது தெரியாது. குழந்தை குப்புற விழுந்ததை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். வீடு எப்போது கிடைக்கும் என்று ஒரு கடிதத்திலும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்கழியில் மிஷின் ஆயில் தீர்ந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், பின்சக்கரத்தைக் கழற்றினேன். செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலை மண்ணெண்ணெயில் அலசிப் பழைய எண்ணெயை எல்லாம் எடுத்துவிட்டு, மனைவி கொடுத்த பாட்டிலை எடுத்தேன். எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. அதை வெயிலில் வைத்து உருக்கினேன். உருகியதும் பிரீவீலுக்குள் தாராளமாக விட்டேன். நானே என் கையால் உருக்கி ஊற்றினேன் என்பதை இன்றைக்கும் யாரிடமும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்திருந்தது. ஆபீஸ் வாசலிலிருந்து வண்டியை உருட்டி ஏறி உட்கார்ந்தேன். இறக்கம் தானே இழுத்துக்கொண்டது. பின்சக்கரத்தில் சத்தமே இல்லை. டிக் டிக் நின்றுபோயிருந்தது. என்ன அருமையாக எண்ணெய் போட்டிருக்கிறோம் என்று இரண்டு மைலும் என்னை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

பாலம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் மிதித்தேன். பெடல் சும்மா சுற்றியது. இன்னொரு தரம் மிதித்தேன். செயின் ஓடுகிறது, பிரீவீல் சுற்றுகிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது.

அப்போது ஏழரைகூட ஆகவில்லை. வண்டியைப் பாலத்தோரம் சாத்திவிட்டுப் பையோடு நடந்திருந்தால் எட்டேகாலுக்கு முக்கில் நின்றிருப்பேன். எனக்கு வந்தது ஆத்திரம். நான் செப்பனிட்ட வண்டி நடுவழியில் நிற்பதாவது. சக்கரத்தைக் கழற்றிப் போட்டேன். பிரீவீல் மூடியின் துளையில் ஒரு ஆணியை வைத்துக் கல்லால் அடித்தேன். மூடி சட்டென்று சுழன்று கழன்றது. கடுகு கடுகாக இருந்த குண்டுகள் தெறித்துப் புல்லுக்குள் போய்விட்டன. உள்ளே பார்த்தேன். சக்கரத்தைப் பிடித்துத் தள்ள வேண்டிய இரண்டு இரும்பு நாக்குகளும் மடங்கியபடியே, வெள்ளை மெழுகுக்குள் புதைந்து கிடந்தன. தேங்காயெண்ணெய் வாசம் கமகமவென்று அடித்தது.

அப்போதாவது பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் குனிந்து குண்டு பொறுக்கினேன். எவ்வளவு நேரம் பொறுக்கினேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது கம்பளியைத் தலையில் போர்த்திக்கொண்டு, தோளில் களைக்கொத்தோடு அந்தத் திருநெல்வேலிக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் காட்டில் அன்றைக்கு அவருக்கு வேலை. சக்கரத்தைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"என்ன பாய், தாளிச்சிட்டு இருக்கீரா?"

பொறுக்கிய குண்டுகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"மணி எட்டு தாண்டிருச்சுவே. பையக் கொடும்."

"அண்ணாச்சி, உங்களுக்குப் பெரட்டுக்கு நேரமாகுமுங்களே" என்றேன். காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது.

"ஒமக்காண்டி ஒண்ணும் போகல. பை போவணும்லா."

களைக்கொத்தை என் காலடியில் போட்டார். பையை மாட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினார். ஓடவில்லை. ஆனால் நான் இரண்டு மூச்சு விடுவதற்குள் கண்ணில் இல்லை.

பஸ் போன சத்தம் மேலே கேட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் பஸ்ஸில் வந்த பையோடு இறங்கி வந்தார். "ஏத்தியாச்சு. இத நீரே ஆபீஸ்ல கொடும்" என்று நீட்டினார். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். கங்காணி அவரைக் காட்டுக்குள் விடவில்லை என்பதும், பெரட்டுக்குப் பிந்தியவர் என்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதும் சாயங்காலம் மச்சான் கடையில் காதில் விழுந்தது.

நான் சக்கரத்தைச் சும்மா மாட்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய் என்று ஹெட் கிளார்க் கேட்டார். "பஞ்சர்ங்க. திரும்பி வர்றப்போ ஆச்சுங்க" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

நடந்ததை நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், வேலை நிரந்தரமான பிறகு சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. மூணாறிலிருந்து மிஷின் ஆயிலும் புதுக் குண்டுகளும் வரவழைத்துப் போட்டேன். டிக் டிக் திரும்ப வந்தது. வழியில் அவரைப் பார்த்தால் தலையை ஆட்டுவேன். அவரும் ஆட்டுவார். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று ஹெட் கிளார்க் ஆபீசுக்குள் கூப்பிட்டார். அந்தத் திருநெல்வேலிக்காரர் அங்கே ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். பழைய தப்பால் வேலை இல்லாவிட்டாலும், ஆபீஸ் வேலை ஏதாவது ஒன்று கொடுங்கள் என்று கேட்க வந்திருந்தாராம்.

ஹெட் கிளார்க் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பாயைப் பார். மூணு மாசத்தில் ஒரு திவசம்கூட பை லேட்டில்லை. நீ பெரட்டுக்கே லேட்டாய் வந்த ஆள், இதா எழுதியிருக்கு. உன்னை நம்பி எந்த வேலை தருவது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கும் குழந்தைதான் எனக்குக் கண்ணில் நின்றது.

ஹெட் கிளார்க் இழுப்பறையைத் திறந்து லைன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.