மூன்று குண்ட்டெ

அண்ணாதுரைக்கு ஐந்து பாஷை தெரியும் என்பது ஓசூர் மூக்கண்டப்பள்ளி முழுவதும் ஒப்புக்கொண்ட செய்தி. ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மனைவி பார்வதி. "தமிழையே பாதி முழுங்கித்தான் பேசுறீக. மிச்ச நாலும் எந்தப் பெட்டியில இருக்கு?" என்பாள். வீட்டுக்குள் நடக்கும் பேச்சு ஊருக்குத் தெரியாது என்பதால் பட்டத்துக்குப் பங்கம் வரவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பட்டம் வந்தது ஒரு பெங்களூர் பஸ்ஸில். ஜன்னலை மூடுவதா திறப்பதா என்று நடத்துநருக்கும் ஒரு வடநாட்டுப் பையனுக்கும் தகராறு. கை ஓங்கும் கட்டத்தில் அண்ணாதுரை எழுந்து, "சொல்ப்ப அட்ஜஸ்ட் மாடி, பைட்டோ பய்யா, கூர்ச்சோண்டி, எல்லாரும் மனுசங்கதான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. ஓங்கிய கையும் சிரித்தது. கூட வந்த கம்பெனிக்காரர்கள் இறங்கும்போது அவருக்கு 'அஞ்சு பாஷை' என்று பேர் வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

அவருடைய முறை எளிமையானது. கன்னடம் என்றால் கடைசியில் ஒரு 'மாடி'. தெலுங்கு என்றால் 'அண்டி'. இந்திக்கு 'ஹை'. மலையாளம் என்றால் கொஞ்சம் மூக்கு. இது இந்த ஊரில் ஓடும். ஒரே ஆள் பால்காரரிடம் ஒரு பாஷையும் மாமியாரிடம் ஒரு பாஷையும் சூப்பர்வைசரிடம் ஒரு பாஷையும் பேசுகிற ஊர் இது. அண்ணாதுரை மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்பே எதிராளிக்கு விஷயம் புரிந்திருக்கும். மரியாதைக்காகக் காத்திருந்து கேட்பார்கள்.

கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்ட பிறகு வீடு பிடித்துக் கொடுப்பது, எல்லைக்கு அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்குத் துணை போவது என்று அவர் பிழைப்பு நடந்தது. அங்கே நிலத்தை சென்டில் சொல்வதில்லை. குண்ட்டெ என்பார்கள். ஒரு குண்ட்டெ இரண்டரை சென்ட். கன்னடத்தில் அவருக்கு சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே சொல் அதுதான். அந்தச் சொல்லிலேயே விழுந்தார்.

பழைய காய்கறிச் சந்தையை இடித்துவிட்டு நான்கு மாடி வணிக வளாகம், அதன் அடியில் பூமியைத் தோண்டி வண்டி நிறுத்துமிடம் என்று திட்டம். அதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வு. ஆய்வுக்கு சென்னையிலிருந்து லாவண்யா என்ற இளம் பொறியாளர் வந்திருந்தார். இப்படிப்பட்ட கட்டடத்துக்கு ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். கேட்டுவிடுவோமே என்று அந்தப் பெண்தான் சொல்லியிருக்கிறார். அதிகாரிகளும் சரியென்று விட்டார்கள். நல்ல எண்ணம் ஒன்று உதித்தால் அதைக் கெடுக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? மொழிபெயர்க்க அண்ணாதுரையைக் கூப்பிட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் போன வாரத்து மணமக்களின் பெயர் தெர்மாகோலில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அண்ணாதுரை இஸ்திரி போட்ட சட்டையில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவங்கவங்க பாஷையிலயே தாராளமாப் பேசுங்க, மொழிபெயர்க்க நான் இருக்கேன்" என்று அறிவித்தார். அப்போதும் முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் தமிழிலேயே பேசித் தொலைத்தார்கள். அவருக்கு வேலையே வரவில்லை. நாற்காலி உறுத்த ஆரம்பித்தது.

"மழைத் தண்ணி எங்க போய்ச் சேருது? பக்கத்துல குளம், குட்டை ஏதாவது இருக்கா?" என்று லாவண்யா கேட்டார். ஆய்வுக்காரர்கள் இடத்தை அளக்க வந்தது சித்திரை வெயிலில். அப்போது பார்த்தால் அந்த ஊரில் எல்லாமே பள்ளம்தான், தண்ணீர் கிடையாது.

திம்மராயன் எழுந்தார். சந்தைக்குப் பின்னால் கொத்தமல்லி போடுகிற பெரியவர். மொழிபெயர்ப்பாளரை ஒரு தரம் பார்த்துவிட்டு, மைக்கைப் பிடித்துக் கன்னடத்தில் சொன்னார்:

"சந்தெ ஹிந்தெ மூறு குண்ட்டெ இத்து மேடம். எரடு முச்சிபிட்ரு. ஒந்தே ஒந்து உள்தைதெ. எம்மெ ஈஜுத்தவெ. அதன்ன முச்சபேடி."

அண்ணாதுரையின் காதில் குண்ட்டெ மணி போல விழுந்தது. தெரிந்த சொல்! மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"மேடம், சந்தைகிட்ட இவருக்கு மூணு குண்ட்டெ நெலம் இருந்துச்சாம். குண்ட்டென்னா ரெண்டரை சென்ட், நீங்க குறிச்சுக்கங்க. ரெண்டைப் பத்திரம் முடிச்சுட்டாங்களாம். ஒண்ணு பாக்கி நிக்குது. எருமை கட்டிப்போட்டிருக்காராம். அதையும் சீக்கிரமா முடிச்சு விடுங்கன்னு கேக்குறார்."

மண்டபத்தில் சிரிப்பு பரவியது. மேடையிலிருந்த மாநகராட்சி உதவிப் பொறியாளர் பணிவாகவே, "பெரியவரே, நில விவகாரத்தைத் தாலுகா ஆபீஸ்ல குடுங்க. இது சுற்றுச்சூழல் கூட்டம்" என்றார். திம்மராயன் அண்ணாதுரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் இடைவேளை. போண்டாவோடு நின்ற அண்ணாதுரையின் பக்கத்தில் சரோஜம்மாள் வந்தாள். சந்தை வாசலில் பூ விற்கிறவள். தெலுங்கு வீட்டுப் பெண். மூன்று பாஷையும் ஒரே மூச்சில் வரும், பட்டமெல்லாம் கிடையாது.

"கெட்டிக்காரன்தான்ப்பா நீ."

"என்னக்கா?"

"தண்ணியை நெலமாக்கிட்டியே. யாரு சொல்லிக் குடுத்தது? ஆபீஸா, கடைக்காரங்களா?"

"எந்தத் தண்ணி?"

"நடிக்காதே. குண்ட்டென்னா குட்டை. பின்னாடி மூணு குட்டை இருந்தது, ரெண்டை மூடிட்டாங்க, ஒண்ணுதான் மிச்சம், எருமை நீஞ்சுது, அதை மூடாதீங்கன்னு பெரியவர் கேட்டார். மழை பேஞ்சா சந்தைத் தண்ணி பூரா அங்கதான் போய் நிக்குது. அது இல்லாட்டி என் கடைக்குள்ளதான் நிக்கும். நீ என்னடான்னா முடிச்சு விடுங்கன்னு சொல்றே!"

கன்னடத்தில் முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் குட்டை. மெலிதாகச் சொன்னால் இரண்டரை சென்ட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் வாயில்தான். அந்த வித்தியாசத்தில் எருமை நீந்திக்கொண்டிருந்தது.

'தெரியாமச் சொல்லிட்டேன்க்கா' என்று ஒரு வாக்கியம் அண்ணாதுரையின் தொண்டை வரை வந்தது. வந்தது, நின்றது, திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பதிலாக அவர் சிரித்தார். எல்லாம் தெரிந்தவன், நாலு இடத்தில் பேசி வைத்தவன் சிரிக்கும் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பு தனக்கு வரும் என்று அவருக்கே தெரியாது.

சரோஜம்மாள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து முனிராஜ் வந்தான். சந்தை ஓரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். புது வளாகத்தில் முன்பக்கக் கடை தனக்கு என்று நம்பிக்கொண்டிருப்பவன். இதுவரை அண்ணாதுரையை 'யோவ்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"சார், பிரமாதம்! ஒரே வார்த்தையில அமுக்கிட்டீங்க. இங்க வாங்க சார், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

அண்ணாதுரை உட்கார்ந்தார். காற்று நன்றாக வந்தது. மண்டபத்தில் கன்னடம் தெரிந்தவர்கள் பாதிப் பேர். அந்தப் பாதிப் பேரும் தன்னை வேறு மாதிரிப் பார்ப்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. யாருக்கும் இது தப்பு என்று தோன்றவில்லை. வேலை என்று தோன்றியிருக்கிறது. வாங்கிக்கொண்டு பேசியிருக்கிறான் என்று நினைத்ததால்தான் ஒருத்தரும் எழுந்து திருத்தவில்லை.

ஒருபக்கம் அயோக்கியன் என்ற பேர், இன்னொருபக்கம் ஒன்றும் தெரியாதவன் என்ற பேர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பேருக்கு ஃபேன் இருந்தது. போண்டா ஆறும் வரை அண்ணாதுரை அந்தப் பேரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி வேறு என்ன எழுதினாலும் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

கை கழுவும் இடத்தில் யாரோ திம்மராயனைச் சீண்டினார்கள். "பெரியவரே, அந்த ஒரு குண்ட்டெயை எனக்கே குடுத்துடுங்க, எருமையோட!" பெரியவர் துண்டில் கை துடைத்தார்.

லாவண்யா காகிதக்கட்டோடு வந்தார். "சார், நீர்நிலை பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலைதானே? இருந்தா அடித்தளத்தையே மாத்தி யோசிக்கணும். இல்லைன்னா அந்த விஷயத்தை மூடிடறேன்."

"மூடிடுங்க மேடம்" என்றார் அண்ணாதுரை.

சொல்லி முடித்ததும் காது சுட்டது. முதலில் சொன்னது அறியாமை. இதை என்னவென்று சொல்வது? கம்பெனியில் கெட்டுப்போன பாகத்தை நல்ல பாகத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு இரவெல்லாம் புரண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். இவன்களுக்கு என்ன, ஒரு பாகம்தானே என்று அன்றைக்குக் கிண்டல் செய்தவர்.

இடைவேளை முடிந்து கூட்டக் குறிப்பை லாவண்யா வாசித்தார். குப்பை, தூசி, சத்தம் எல்லாம் வந்தன. "நீர்நிலை: பாதிப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை." அண்ணாதுரையின் கால்கள் அவரைக் கேட்காமல் எழுந்தன. வாய் மட்டும் இன்னும் பேரம் பேசியது.

"மேடம், அதுல ஒரு சின்னத் திருத்தம். கன்னடம் ஆழமான பாஷை. குண்ட்டெக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. நான் முதல் அர்த்தத்தைச் சொன்னேன். ரெண்டாவது அர்த்தம் பார்த்தீங்கன்னா... குட்டை."

முனிராஜ் எழுந்துவிட்டான். "சார், நடுவுல கட்சி மாறாதீங்க. இப்ப அந்தப் பக்கமும் ஏதாச்சும் வந்துச்சா?"

மண்டபம் சிரித்தது. உதவிப் பொறியாளர், "முதல்ல சொன்னது சரியா, இப்பச் சொல்றது சரியா?" என்றார். லாவண்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், பதிவானதை மாத்தணும்னா காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

அண்ணாதுரை கடைசியாக ஒரு தரம் ஃபேனைப் பார்த்தார்.

"எனக்குக் கன்னடம் தெரியாது."

ஒருத்தரும் நம்பவில்லை. "அஞ்சு பாஷைக்காரர் சும்மா சொல்றார் மேடம், யாரோ மிரட்டியிருக்காங்க" என்றது ஒரு குரல். ஒருவன் தனக்குத் தெரியும் என்று நிரூபிக்கச் சிரமப்படுவதை உலகம் பார்த்திருக்கிறது. தெரியாது என்று நிரூபிக்க அண்ணாதுரை அன்று சிரமப்பட்டார். "சத்தியமாத் தெரியாதுங்க. மாடி, பேக்கு, சொல்ப்ப. அவ்வளவுதான்."

சரோஜம்மாள்தான் வழி செய்தாள். "பரீட்சை வெச்சுடலாம். ஏய் அண்ணாதுரை, ஹிந்தென்னா என்ன?"

"இந்தி... பாஷை."

"பின்னாடிடா! ஈஜுன்னா?"

அண்ணாதுரை நிஜமாகவே யோசித்தார். "ஈசல்?"

"நீச்சல்டா!" மண்டபம் சிரிப்பில் இடிந்தது. சமையல் ஆட்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். முனிராஜ்கூட, "சே, இவ்வளவுதானா!" என்று உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அது பெரிய ஏமாற்றம். அண்ணாதுரை மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் எவ்வளவுக்கெவ்வளவு முட்டாள் என்று நிச்சயமாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு குட்டை நிச்சயமாகிக்கொண்டு வந்தது. சிரிப்பு அடங்கிவிடக்கூடாதே என்றுகூட ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டார்.

லாவண்யா எழுதினார், உரக்க வாசித்தார். "மொழிபெயர்ப்பாளருக்குக் கன்னடம் தெரியாத காரணத்தால் மேற்படி பதிவு திருத்தப்படுகிறது. சந்தைக்குப் பின்புறம் ஒரு குட்டை உள்ளது. நாளை நேரில் பார்வையிடப்படும்." பிறகு தாளை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்து சார்." அண்ணாதுரை போட்டார். தமிழில் போட்டார்.

"இப்பப் பெரியவர் பேசறதை யார் சொல்வாங்க?" என்று லாவண்யா கூட்டத்தைப் பார்த்தார்.

"நானே சொல்றேன்மா" என்று திம்மராயன் எழுந்தார். குட்டையின் நீளம் அகலம், தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, எந்த மாதம் வரை நிற்கிறது எல்லாவற்றையும் கிருஷ்ணகிரித் தமிழில் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தார்.

கூட்டம் கலைந்தது. மண்டபத்து வாசலில் மொபெட்டைக் கிளப்பப்போன திம்மராயனிடம் அண்ணாதுரை போய் நின்றார்.

"தமிழ் இவ்வளவு நல்லா வருதே. முதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமேங்க?"

"ஒரு மணி நேரமா வேலையில்லாம உக்காந்திருந்தே. பாவமேன்னு கன்னடத்துல பேசினேன்."

"நான் தப்பாச் சொன்னப்பவாவது எந்திரிச்சுக் கேட்டிருக்கலாம்."

"எங்கயோ கை நீட்டிட்டான் போலன்னு நெனைச்சேன். புள்ளகுட்டிக்காரன், என்ன கஷ்டமோ, அத்தனை பேர் முன்னாடி வெக்கப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன்." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "யாருப்பா குடுத்தது?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலீங்க."

"ஒரு டீ கூடவா?"

"இல்லீங்க."

திம்மராயன் வண்டியின் ஸ்டாண்டைத் திரும்பவும் போட்டார். மண்டபத்துக்குள் அத்தனை பேர் சிரித்தபோதும் வராத கோபம் அவர் முகத்தில் இப்போதுதான் வந்தது.

"சும்மாவா செஞ்சே?"